ஹார்லன் க்ரோவின் மூன்றாவது உதை

கூட்டம் கால் உதைத்து ஓய்ந்த பிறகும் ஓர் உதை மிச்சமாகக் கேட்டது.

மைதானத்தை ஒட்டிய அறிவிப்பு அறையில், கையில் காகிதத்தோடு பள்ளி ஊழியை வெர்னா டாலிவர் உறைந்து நின்றாள். ஹார்லன் க்ரோவ் பள்ளியின் பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வெள்ளிக்கிழமை அது. சோளப்பொரி வாசனையும் வெட்டிய புல்லின் ஈரமும் சன்னல் வழியே கலந்து வர, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருக்க, ஆட்டத்தில் பள்ளி அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம் ஊரே பார்வையாளர் வரிசையின் அலுமினியப் பலகைகளில் இரண்டு உதை உதைத்து ஒருமுறை கைதட்டியது. அதுதான் ஊர் வழக்கம். மூன்றாவது உதை கீழேயிருந்து வந்தது.

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் டேல் ஹூப்னருக்கு அது கேட்கவில்லை போலிருக்கிறது.

“நல்ல பள்ளிக்கூடம், நல்ல ஜனங்கன்னு ஊர் வரலாறப் படிச்சுட்டு இறங்கு வெர்னா. கல்லறைப் பேச்செல்லாம் வேணாம்.”

“இந்த மைதானமே எங்க கறுப்பு ஜனங்களோட கல்லறை மேலதான் இருக்கு டேல். கல்லைப் பிடுங்குனீங்க, ஆளுங்கள விட்டுட்டீங்க. எங்க தாத்தனும் கீழதான் கிடக்காரு.”

“அந்தக் கல்லறைப் பேருங்களப் படிச்சா திங்கக்கிழமை உனக்கு வேலை இல்ல.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சு உங்களுக்குக் கை வலிக்கலையா?”

வேலை போய்விடும் என்ற பயம் ஒருபக்கம், செருப்புக்கடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்த பயம் மறுபக்கம். இடைவேளை வந்தது. ஒலிபெருக்கியைத் திருகினாள். பள்ளி வென்ற கோப்பைகளைச் சொன்னாள். பிறகு பெயர்களை.

“ஐசம் டாலிவர். ஹெட்டி பிரைஸ். பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போன ஒரு குழந்தை.”

கூட்டம் ஊளையிட்டது. அவள் குரலை அமுக்க எல்லோரும் சேர்ந்து உதைத்தார்கள். இரண்டு உதை, ஒரு தட்டு. இரண்டு உதை, ஒரு தட்டு.

பதில் வந்தது.

கூட்டத்தின் உதை நின்றது. கீழே நிற்கவில்லை.

ஒருத்தி கால்களைப் பலகை மேல் தூக்கிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவன். அந்த வரிசை. ஊர் முழுக்க. ஒலிபெருக்கியை அணைக்கக் கை நீட்டிய டேல் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

“நிறுத்து வெர்னா... கும்பிடுறேன்.”

“நூறு வருஷம் நீங்க உதைச்சீங்களே, நிறுத்துன்னு அவங்க கேட்டாங்களா?”

ஒலியைக் கூட்டினாள். அடுத்த பெயர். மைதானத்தின் நடுவில் புல் ஆள் நீளத்துக்குப் புடைத்தது. அடுத்த பெயர். பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக.

ஊரில் ஒரு கால்கூடத் தரையில் இல்லை. இரண்டு உதை, ஒரு தட்டு.