பூம்பாறையில் ஒரு கறுப்பு ஆடு!

"அய்யய்யோ... சுட்டுட்டான்!"

ராஜகுமாரியின் அலறலில், வாசலில் பூண்டுக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மாமியார் பாப்பம்மாள் எல்லாவற்றையும் உதறிவிட்டு உள்ளே ஓடி வந்தாள்.

பிணம் கிடந்தது.

டி.வி.க்குள்!

கறுப்பு வெள்ளைப் பிணம். கோட்டும் தொப்பியுமாக ஒரு மந்திரி மாடிப்படியில் தலைகீழாகக் கிடந்தார்.

"இதுக்கா இந்தக் கத்து? எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சுத்தா!" திட்டிக்கொண்டே வாசலுக்குத் திரும்பினாள் பாப்பம்மாள்.

"மதினி... படந்தான?" நாத்தனார் லாவண்யா சிரித்தாள்.

கொடைக்கானல் ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனிஸ்ட் அவள். லீவுக்கு வந்த இடத்தில் பென்டிரைவில் கொண்டு வந்திருந்தாள் அந்தப் பழைய வெளிநாட்டு உளவுப் படத்தை. தமிழ் டப்பிங். வெளியே மூடுபனி, தூறல். காட்டு வேலை கிடையாது.

இந்த ரகப் படத்தை ராஜகுமாரி பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"என்னடி இது... பாட்டையும் காணோம், சண்டையையும் காணோம். கோட்டுப் போட்ட ஆளுக ரூம் ரூமாப் போயிக் குசுகுசுங்கிறாக!"

"பொலிட்டிக்கல் த்ரில்லர் மதினி. அந்த ஆபீஸ்ல பேசுற ரகசியமெல்லாம் எதிரி நாட்டுக்குப் போகுது. உள்ளுக்குள்ளயே ஒரு கறுப்பு ஆடு. அது யாருன்னு அந்தக் கண்ணாடிக்காரரு கண்டுபிடிக்கணும்."

ராஜகுமாரி சடாரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் வீட்டிலும் அதே கதைதான்!

அடுத்த மாதம் பஞ்சாயத்துத் தேர்தல். பெண்கள் வார்டு. ராஜகுமாரி வேட்பாளர். அவளுக்கு ஒரே ஒரு ஆசை... மலைச்சரிவில் பூண்டு விளையும் மேக்காட்டுக்கு ஜீப் போகிற மாதிரி ஒரு பாதை. போன வருடம் பூண்டு மூட்டையோடு கல்படியில் உருண்ட பாப்பம்மாள் கால் முறிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தாள். அவள் அலறிய சத்தம் இன்னும் ராஜகுமாரியின் காதை விட்டுப் போகவில்லை.

பாதைக்குக் குறுக்கே நிற்பது குருநாதனின் வேலி. அதை நகர்த்த மாட்டேன் என்று பத்து வருடமாகச் சாதிக்கிறார் மனிதர். எதிர் வேட்பாளர் பாண்டிச்செல்வி, சாட்சாத் அவருடைய சம்சாரம்!

ராஜகுமாரி கண் சிகிச்சை முகாம் நடத்த நினைத்தாள். முந்தின நாளே குருநாதன் நடத்திவிட்டார். வாய்க்காலைத் தூர் வார நினைத்தாள். விடிவதற்குள் குருநாதனின் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"யாரோ காட்டிக்குடுக்குறாக லாவண்யா!"

திரையில் கண்ணாடிக்காரர் நாலு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு நாலு பொய் சொன்னார். எந்தப் பொய் எதிரியிடம் போய்ச் சேருகிறதோ, அதைக் கேட்டவன்தான் துரோகி!

"நிப்பாட்டுடி படத்த!"

"மதினி... கிளைமாக்ஸ்!"

"அது கெடக்கட்டும். எனக்குச் சோலி வந்துருச்சு!"

சந்தேகப் பட்டியலில் மூன்று பேர்.

"பஸ் ஸ்டாப்புல பெஞ்சு போடப் போறேன்." இது பாப்பம்மாளுக்கு.

"கீழத்தெருவுக்குத் தெருவிளக்கு." இது வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு ஏற்றும் ஜீப் டிரைவர் அகிலனுக்கு.

"குழாயடிக்குச் சிமெண்டுத் தளம்." இது புருஷன் கோகுலுக்கு. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அவனைச் சேர்த்தாள்.

மறுநாள் காலை பத்து மணி. லாவண்யா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மதினி... குழாயடில குருநாதன் சிமெண்டு மூட்டை எறக்குறாரு!"

ராஜகுமாரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துரோகி... ஒரே தட்டில் சோறு தின்றவனா? அழுகை முட்டியது.

"என்னங்க... குழாயடி விசயத்த யார்ட்டச் சொன்னீங்க?"

"சத்தியமா எந்த மனுசப் பயகிட்டயும் சொல்லல புள்ள!"

பொய் சொன்னால் கோகுல் காதைச் சொறிவான். கை அசையவே இல்லை!

அப்படியானால்? பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போவதாக அன்று ராத்திரி அவனிடம் இன்னொரு பொய்யைச் சொல்லி வைத்தாள்.

அடுத்த நாள் வெள்ளனே, குளித்துத் திருநீறு பூசிக் கிளம்பிய கோகுலைப் பின்தொடர்ந்தாள் ராஜகுமாரி. அவன் நுழைந்தது ஊர் முருகன் கோயிலில். சன்னிதி முன்னால் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எந்தக் காரியத்துக்கும் பூக்கட்டிப் பார்த்துச் சாமியிடம் உத்தரவு கேட்பது அவன் குடும்ப வழக்கம்.

"முருகா! எம் பொண்டாட்டி அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போறா! உத்தரவு குடுப்பா!"

கோகுல் ரகசியமாகத்தான் கேட்டான். ஆனால் மலைச்சரிவில் நாலு பாத்திக்கு மேலே நிற்பவனைக் கூப்பிட்டே பழகிய தொண்டை அது. அவனுடைய ரகசியம் கோயில் மணியை மிஞ்சியது.

கருவறைச் சுவருக்குப் பின்னால், தினசரி வழக்கப்படி பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்த ஓர் உருவம் பட்டென்று நின்றது.

குருநாதன்!

தூணுக்குப் பின்னால் நின்ற ராஜகுமாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நேரே வீட்டுக்குப் போனாள். கண்ணாடிக்காரரின் மிச்சப் படத்தையும் பார்த்து முடித்தாள்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் மெல்லச் சொன்னாள்.

"என்னங்க... மேக்காட்டுப் பாதைக்கு நம்ம பாத்தியவே வெட்டிக் குடுத்துரலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை ஊரக் கூட்டிச் சொல்லிருவோம்."

கோகுல் ஆடிப்போனான். "அது வெதப்பூண்டு போடுற பாத்தியாச்சே புள்ள! நான்... ஒரு வார்த்தை முருகன்கிட்டக் கேட்டுக்கிறேன்."

"கேளுங்க... நல்லாக் கேளுங்க!"

வியாழக்கிழமை பதினோரு மணி.

மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஜே.சி.பி. ஒன்று மேக்காட்டுக்கு ஏறியது. குருநாதன் தன் வேலியைத் தானே பிடுங்கி எறிந்தார்!

"ஊருக்காக எந் நெலத்த விட்டுட்டேன்! பஞ்சாயத்துக்கு எழுதியும் குடுத்துட்டேன்! ஓட்டு பாண்டிச்செல்விக்கு!"

ஊரே கை தட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது ராஜகுமாரி. பாப்பம்மாள் புதுப் பாதையில் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தாள். அதைப் பார்த்து ராஜகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

விஷயம் புரிந்த கோகுல் தலையில் கை வைத்தான்.

"அடிப்பாவி... முருகன்கிட்டயே என்னையப் பொய் சொல்ல வச்சுட்டியே!"

"பொய்யில்லீங்க. அவரு வேலிய எடுக்கலேன்னா நெசமாவே நம்ம பாத்தியக் குடுத்திருப்பேன்."

"பாதைதான் வந்துருச்சு. தேர்தல்ல தோத்துட்டா?"

"தோத்தா என்ன? தேர்தலுக்கு இன்னும் இருபது நாளு கெடக்கு. நாளைக்கு வெள்ளனே போயி, கீழத்தெருவுக்குத் தெருவிளக்குப் போடலாமான்னு பூக்கட்டிக் கேளுங்க."

"சரி... இனிமே மனசுக்குள்ளயே கேட்டுக்கிறேன்."

"அய்யோ, வேணாங்க! நல்லாச் சத்தமாக் கேளுங்க... நமக்குச் செஞ்சு தர்ற சாமி செவுத்துக்குப் பின்னாடில்ல நிக்குது!"