காலி வண்டியின் எடை

“அப்ப வண்டி என்னாத்தண்ணா துன்னுது?”

கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகச் சிரிப்போடு வந்தது கேள்வி. “போன வாரம் மாங்காய எறக்கிட்டு, நீங்களும் எறங்கி நின்னு, காலியா போட்டது ஆயிரத்து அறுநூத்திப் பத்து. இன்னிக்கு அறுநூத்திப் பதினஞ்சு. அஞ்சு கிலோ சதை போட்டுக்கினு வந்துருக்குது.”

டீசல் டேங்க் நிறைந்திருக்கிறது என்றான் கிஷோர். சக்கர இடுக்குகளில் அப்பியிருந்த சேற்றையும் காட்டினான். மாங்கூழ் ஆலையின் எடைமேடையில் சீட்டு அடிக்கும் சபீனா இரண்டுக்கும் தலையாட்டினாள். நம்பினாள் என்றில்லை. அவனுக்குப் பின்னால் திருப்பதி சாலை வரைக்கும் மாங்காய் டிராக்டர்கள் நின்றுகொண்டிருந்தன.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தான். பதினைந்து வருடம் ஓடிய பிக்கப். வெள்ளை நிறம் எப்போதோ மோர் நிறமாகியிருந்தது. இரண்டாவது கியரைத் தொட்டு வந்தால்தான் முதல் கியர் விழும், இடது கதவைச் சற்றுத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். பங்குனியில் அதைச் சாந்திபுரத்திலிருந்து புத்தூருக்கு ஓட்டி வந்த நாள் முதல் அதன் ஒவ்வொரு முனகலும் அவனுக்குப் பழக்கம். காலையில் பழைய பனியன் துணியால் ஆயில் குச்சியைத் துடைத்துப் பார்ப்பான், ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுவான், ஸ்பேனரால் டயர்களைத் தட்டி ஒலியைக் கேட்பான். மகள் அக்ஷயா ஒற்றைக் காலில் நொண்டியடித்தபடி கூடவே வருவாள். ஐந்து வயது. எல்லாம் முடிந்ததும் இடது கதவருகே போய் இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்பாள். அந்தப் படி அவளுக்கு எட்டாது.

“நைனா, தூக்கு.”

பதினைந்து கிலோ. பள்ளியில் சேர்த்தபோது அட்டையில் எழுதித் தந்தது. அட்டை இல்லாவிட்டாலும் அந்த எடை அவன் தோள்களுக்குத் தெரியும்.

சீட்டில் ஏறியிருந்த ஐந்து கிலோவை அவன் அன்றே மறந்திருப்பான். ஆனால் மறுநாள் வண்டியைக் கழுவியபோது பின்தளத்துத் தண்ணீர் முழுவதும் இடது மூலைக்கே ஓடி, அங்கே வட்டமாகத் தேங்கி நின்றது. துடைப்பத்தால் தள்ளினான். தள்ளிய தண்ணீர் திரும்பி வந்தது. வண்டி ஒரு பக்கமாக இறங்கியிருந்தது, எவ்வளவென்று கேட்டால் ஒரு விரல் கனம், அவ்வளவுதான், ஆனால் எதிர்வீட்டுச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அது காது கொடுத்துக் கேட்பவனின் தலைபோலச் சாய்ந்திருந்தது.

ஜெபகுமார் தன் பட்டறையில் அதைத் தூக்கி நிறுத்தி, இடது பின்பக்க ஸ்பிரிங்குக்குப் புதிதாக ஒரு பட்டை சேர்த்தான். ஜாக்கியை இறக்கினார்கள். வண்டி மெதுவாக, பெருமூச்சு விடுவதுபோல, மீண்டும் அதே மூலைக்குச் சாய்ந்தது.

“புதுப் பட்டை போட்டும் எறங்குதுன்னா நான் என்னாடா பண்றது,” என்றான் ஜெபகுமார், கைக் கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவியபடி. “உன் மாமனாரை அந்த மூலையில குந்த வச்சிக்கினு சுத்துறியா?”

எழும்போது அவன் தோள் பட்டு, பின்பம்பரின் இடது கொக்கியில் தொங்கிய சிவப்புச் செருப்பு ஆடத் தொடங்கியது. ஜெபகுமார் தேநீர் வாங்கி வந்து குடித்து முடித்த பிறகும் அது ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

அந்தச் சாலைகளில் ஓடும் சுமை வண்டிகள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு பிள்ளைச் செருப்பு தொங்கும், கண்ணேறு அதோடு போகட்டும் என்று. தேய்ந்துபோன, வீடு கைவிட்ட ஒற்றைச் செருப்பாக இருக்க வேண்டும். வண்டி கைமாறினால் விற்றவர் தன்னுடையதைக் கழற்றிக்கொள்வார், வாங்கியவர் தன் வீட்டுச் செருப்பைக் கட்டுவார். சாந்திபுரத்து வேங்கடாசலம் கழற்றவில்லை. கண்ணில் புரை விழுந்ததால் வண்டியை விற்ற அந்த மனிதர், சாவியைக் கொடுத்த கையோடு கட்டிங் பிளேயரை எடுத்து வந்து, பின்னால் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது நீலச் செருப்பு அங்கேயே தொங்கியது. அது பாட்டுக்கு வரட்டும், நீயும் கழற்றாதே என்று மட்டும் சொன்னார்.

அடுத்தவர் வீட்டுக் காவல் நம் வீட்டுக்கு எப்படி ஒட்டும் என்று கிஷோர் நினைத்தான். முதல் வெள்ளிக்கிழமை, கற்பூரம் ஏற்றுவதற்கு முன், அதை வெட்டி ஜெபகுமாரின் எரிந்த ஆயில் டிரம்மில் போட்டான். அது மிதந்தது. குச்சியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், குமிழிகள் நிற்கும்வரை. பிறகுதான் வீட்டில் தேய்ந்த செருப்பு எதுவும் இல்லையென்பது நினைவுக்கு வந்தது. கட்டாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. அக்ஷயா வாசலில் கழற்றி விட்டிருந்த சிவப்புச் செருப்பில் ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டான். உள்ளே அவள் கால் வைத்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அது தன்னுடையது என்று அன்று முழுக்க அழுதாள். புதியது வாங்கித் தந்தான். ஆனாலும் மிஞ்சிய ஒற்றைச் சிவப்பைப் போட்டுக்கொண்டு நொண்டுவதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு காலை அவளைத் தூக்கியபோது அவன் கைகள் எதிர்பாராத உயரத்துக்குப் போய்விட்டன. நிறைகுடம் என்று நினைத்துத் தூக்கியது வெறுங்குடமானதைப்போல. அவள் தலை கதவின் மேல்சட்டத்தில் இடித்தது. அவள் சிரித்தாள். கன்னம் அதே கன்னம்தான், சீருடை அதே அளவுதான், தட்டில் போட்டதை மிச்சமில்லாமல் தின்றாள். ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த மனைவி சந்தியாவிடம் கேட்டான். தனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்ததாக அவள் சொன்னாள். தூங்கும் பிள்ளையை இடம் மாற்றிப் படுக்கவைக்க இப்போது ஒரு கை போதுமாம்.

“பஞ்சு மாதிரி இருக்காப்பா,” என்றாள் சந்தியா. கணவனை அவள் அப்பா என்று அழைப்பது பயந்தால் மட்டும்தான்.

திருப்பதியில் குழந்தை வைத்தியரின் எடைக்கருவி ஐந்து கிலோ காட்டியது. அவர் முள்ளைத் திருகினார், வேறு கருவியில் நிறுத்தினார், பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார், இரண்டும் பழுது என்று செவிலியைக் கடிந்துகொண்டார். அன்று மாலை ஆலையில் வண்டியின் காலி எடை ஆயிரத்து அறுநூற்று இருபது.

அதன் பிறகு கிஷோர் கவனிக்கத் தொடங்கினான். எஞ்சினை அணைத்ததும் சூடான இரும்பு ஆறும் டிக், டிக் ஒலிகளுக்கு நடுவே, பின்தளத் தகரத்தில் இன்னொரு ஒலி, ஒற்றைக் காலில் யாரோ மெதுவாகக் குதிப்பதுபோல, ஒன்று, நிறுத்தம், ஒன்று. மாம்பழம் அழுகிய வாடைக்கும் பழைய டீசலுக்கும் அடியில் நனைந்த ரப்பரின் வாடை, பிள்ளையின் கால் வாடை. வீட்டிலோ அக்ஷயா நடக்கும் சத்தமே கேட்கவில்லை. ஈர மண்ணில் அவள் ஓடி வந்தாள். திரும்பிப் பார்த்தான். மண் மழமழவென்று கிடந்தது.

வேங்கடாசலத்துக்குப் போன் செய்தான். அவர் நலம் கேட்கவில்லை.

“பழசை எங்க போட்டே?”

சொன்னான். மறுமுனையில் எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடும் ஒலி.

“இப்பத் தொங்குறது யாருது?”

“எம் பொண்ணுது.”

“தேஞ்சதா?”

கிஷோர் கொக்கியில் தொங்கிய செருப்பைத் திரும்பிப் பார்த்தான்.

“எம்மவன் பேரு வேணு,” என்றார் அவர். “அவனுதும் தேயல. பன்னெண்டு வருசம் நான் அதைக் கழட்டவே இல்லப்பா. நீயும் கழட்டிடாத.”

கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்டான். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

இரண்டு நாள் அவன் செருப்பைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மாலை பள்ளிக்கூட வாசலில் மழைக்காற்று அடித்தபோது, மற்ற பிள்ளைகள் பைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட, அக்ஷயா மட்டும் இரண்டு கைகளாலும் கம்பிக் கதவைப் பற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அவள் கால்கள் தரையில் இல்லை.

கிழவர் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருக்க அதற்கு மேல் அவனால் முடியவில்லை. வெட்டினால் பாரம் அவளிடமே திரும்பும். திரும்பித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் அவனுக்கு, எண்ணாகப் பார்க்க வேண்டும்.

ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. ஆலை வாசலில் அன்று டிராக்டர்கள் இல்லை. மேடையில் வண்டியை ஏற்றி இறங்கினான். அக்ஷயா இருக்கையில் இருந்தாள். வெளிப் பலகையில் சிவப்பு எண்கள் மழைக்குள் எரிந்தன. ஆயிரத்து அறுநூற்று இருபத்தைந்து.

கதவைத் திறந்து அவளை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்கு வெளியே நின்றான். ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

இருபத்தைந்து. மாறவில்லை.

பதினைந்து கிலோவும் வண்டியில்தான்.

அவளைத் திரும்ப உட்காரவைத்தான், கதவைச் சாத்தினான், கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். மேடைக்கு வெளியே சேற்றில் நின்று எட்டினான். செருப்பு ஆடவில்லை. கம்பி விறைத்து நேராக இழுபட்டிருந்தது, மறுமுனையை யாரோ பிடித்துத் தொங்குவதுபோல. ரப்பர் சூடாக இருந்தது. உள்ளே ஈரம்.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

டக்.

வண்டியின் இடது மூலை எழுந்தது. மெதுவாக. ஒரு விரல் கனம். நேராக நின்றது.

எண்கள் ஓடின. நின்றன. ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.

அவன் மூச்சு விட்டான். போய்விட்டது. சிரிப்புக்கூட வந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது, சபீனாவின் குரல்.

“பழைய வெயிட்டு வந்துடுச்சிண்ணா. பாப்பாவ எறக்கிட்டீங்களா?”

அவன் நிமிர்ந்தான்.

இறக்கவில்லை.

பின்கண்ணாடியில் அக்ஷயா. இருக்கையில் முழந்தாளிட்டு, மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே கன்னம். அதே சீருடை. அவள் வாயருகே கண்ணாடியில் ஆவி படியவில்லை.

எண் மாறவில்லை. பத்து.

கையில் செருப்பு. இன்னும் சூடாக.

காலடியில் சேறு நெகிழ்ந்தது. பார்த்தான். அவன் காலுக்குப் பக்கத்தில், பிள்ளையின் வெறுங்கால் தடம் ஒன்று. ஒன்றே ஒன்று. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆழமாகியது. மழை அதை நிரப்பியது.

லுங்கியின் ஓரம் இறுகியது. கீழே இழுபட்டது. அந்தப் பாரம் அவனுக்குத் தெரியும். தோள்களுக்குத் தெரியும்.

கண்ணாடிக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை.

முழங்காலுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், மழையில் நடுங்கும் குரல்.

“நைனா, தூக்கு.”