ஈர வாளியில் ஓர் ஊசி

"இதை வேணும்னேதான் போட்டீங்களா?"

தூறலில் நனைந்தபடி வாசலில் நின்று அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்... இன்னொரு கையில் தையல் ஊசி. காய்கறித் தோலுக்குள் கிடந்ததாம்!

தெருக்காரர்கள் கூடிப் பேசி, ஈரக் குப்பைக்கு ஒரு வாளி, காய்ந்த குப்பைக்கு ஒரு வாளி என்று முடிவு செய்து, குப்பைத் தள்ளுவண்டிக்கு அவனை அமர்த்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் வம்பு.

"ஊருல தைக்கிறவ நான் ஒருத்திதானா?" என்றாள் வெடுக்கென்று.

"வாளி உங்களோடதுதானே?"

அந்தக் கண்கள்... ஈர இமைகளுக்குக் கீழே, திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தன. திருடியைப் பார்க்கிற கண்ணுக்கு இத்தனை அழகு எதற்கு?

அன்றிலிருந்து அவள் வீட்டு வாளியை மட்டும் சாக்கில் கொட்டிக் குச்சியால் கிளறினான். தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து அவளும் விடாமல் கவனித்தாள். குப்பையைக் கிளறுகிறானா, குடும்பத்தையே கிளறுகிறானா? எதைத்தான் தேடுகிறான்?

ஒருநாள் பொறுக்க முடியாமல், மழுங்கிய ஊசிகளைச் சோப்புத் துண்டில் குத்தி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"இந்தாங்க. இனிமே கிளற வேண்டாம்."

"அப்ப நான் இங்க எதுக்கு நிக்கிறது?"

"யாரு நிக்கச் சொன்னா?"

சிரித்தான். உதட்டைக் கடித்தும் அவளுக்கும் அடங்கவில்லை...

மறுநாளிலிருந்து அண்ணியின் கண் அவள்மேல். "வாளி கொடுக்க இவ்வளவு நேரமாடி? தலைவேற வாரியிருக்கே!"

தூறல் விழுந்த ஒரு காலை, "நானே வெளியில வைக்கிறேன், கொடு" என்று அண்ணி வாளியை வாங்கிக்கொண்டாள். சற்று நேரத்தில் வாசலில் அவன் குரல். ஓடினாள். இந்த முறை ஊசி உள்ளங்கையில் இறங்கியிருந்தது, ஆழமாக.

"கையில ஒண்ணு கொடுக்கறது, வாளியில ஒண்ணு ஒளிச்சு வைக்கிறது. விளையாட்டா இருக்கா? நாளையிலிருந்து அடுத்த தெருவுக்குப் போறேன். தெருக் கூட்டத்துல சொல்லப்போறேன்."

திரும்பிப் பார்த்தாள். கதவோரம் அண்ணி, முகம் வெளிறி. புரிந்துவிட்டது. கையில் குத்தினால் இந்தப் பக்கமே வரமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்!

சொன்னால் அண்ணன் வீட்டை இரண்டாக்கிவிடுவான். சொல்லாவிட்டால்... இவன் போய்விடுவான்.

"எங்க வீட்டுத் தப்புதான். யாருன்னு கேட்காதீங்க. ஆனா தினமும் நான் வாசலுக்கு வந்தது குப்பைக்காக இல்ல."

அவன் புருவம் சுருங்கியது. "இதுலயும் ஊசி ஏதாவது இருக்கா?"

"இல்ல... உங்களைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

தூறல் வலுத்தது. அவன் நகரவில்லை.

"எனக்கும்தான்," என்றான் மெதுவாக. "நீங்கதான் போட்டீங்கன்னு நினைச்சேன் பாருங்க... கையைவிட அதுதான் வலிச்சுது."

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் உள்ளங்கையிலிருந்து ரத்தம் மழைநீரோடு சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.