அண்ணியிடம் மட்டும் உறையும் காடு

மழை அப்போதுதான் விட்டிருந்தது. கணினி பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்தவள் குடையை மடக்க மறந்து, விரித்தபடியே ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“சார், ஒரே மெஷின். ஒரே படம். என் கொழுந்தன் தொட்டா ஓடுது. நான் தொட்டா உறைஞ்சு போகுது.”

பக்கத்து ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிறவள் அவள். கொழுந்தன் வாய்க்கு வாய் கூப்பிட்டதில் தெருவுக்கே அண்ணி ஆகிப்போனவள்.

கடைக்காரரைத் தெருவில் நிதானம் என்பார்கள். புகைகிற மெஷினைக் கொண்டுவந்து வைத்தாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைத்தான் துடைப்பார். இப்போதும் துடைத்தார். அதற்குள் அவருடைய தங்கை கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“சதி. பக்கா சதி அண்ணா.”

“அவங்க இன்னும் சொல்லியே முடிக்கல.”

“ஆளைப் பார்த்து உறையுதுன்னா வேற என்னவாம்?”

அண்ணி சொன்னாள். குழந்தைகள் மருத்துவமனை ஒன்று, வார்டுச் சுவர் முழுக்க ஒட்ட ஒரு காட்டுப் படம் கேட்டிருந்தது. அவள் கணவர் துண்டு துண்டாக எடுத்து வந்ததை இவள் இணைத்து, ஒட்டுத் தெரியாமல் பூச வேண்டும். அதற்காகவே கொழுந்தன் பேச்சைக் கேட்டுப் புது மெஷின் வாங்கினார்கள். ஆனால் இவள் மென்பொருளில் பிரஷ்ஷை எடுத்து நாலு இழுப்பு இழுத்தால் போதும், திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது.

“சின்னப் படம்?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகறதில்ல சார். பாஸ்போர்ட் படம், குடும்பப் படம் எல்லாம் சும்மா பறக்குது.”

“வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பார்ப்பாராம். அப்புறம் காடு வெளியாள் கைக்குப் போயிடும். நான் முன்னால பில் போடற கவுண்டருக்கு. ‘உனக்கு புது மெஷின் ஒத்துவரல, விடு’ன்னு தன்மையாத்தான் சொன்னார். அதான் தாங்கல.” அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். “என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்.”

நிதானம் எழுந்து செருப்பை மாட்டினார். தங்கையும் கூடவே கிளம்பினாள்.

ஸ்டூடியோவின் பின்னறை சின்னது. கறுப்புத் திரைச்சீலை, ஒரு மேசை, அதன் மேல் புது மெஷின். அதன் பக்கத்தில் ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு பழைய டிஸ்க், வெளியிலிருந்து ஒயரில் இணைத்தது. பழைய வாடிக்கையாளர் படங்கள் அதில் இருந்தன. கொழுந்தன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

“வாங்க சார். மெஷின் தங்கம். அண்ணியோட கைராசிதான் சரியில்ல.”

“உன் வாய்ராசிக்கு இது தேவலாம்டா,” என்றாள் அண்ணி.

“நீங்க முதல்ல ஓட்டிக் காட்டுங்க தம்பி,” என்றார் நிதானம்.

மெஷினுக்குள் நுழையத் திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அண்ணியுடையது, ஒன்று கொழுந்தனுடையது. அவன் தன் பேரில் நுழைந்தான். காட்டைத் திறந்தான். வர்ணங்களும் கருவிகளும் புது மென்பொருளில் வருகிற வரிசையிலேயே இடப்பக்கம் நின்றன. பிரஷ்ஷால் இப்படியும் அப்படியும் இழுத்தான். காடு அசைந்து கொடுத்தது.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன். வெளிய வாங்க. இப்ப நீங்கம்மா.”

அண்ணி தன் பேரில் நுழைந்தாள். இங்கே கருவிகள் இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இருந்தன. மேலே பிரஷ்கள் வரிசையாக நின்றன: இலைக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று.

“இந்த பிரஷ்ஷெல்லாம் எங்க வாங்கினது?”

“வாங்கல சார். பழைய மெஷின்ல நானே செஞ்சது.”

“இதுல எப்படி வந்துச்சு?”

அண்ணி யோசித்தாள். “முதல் தடவை திறந்தப்பவே இருந்துச்சே. தானா வரும்போலன்னு நினைச்சேன்.”

கொழுந்தன் மின்விசிறியைப் பார்த்தான்.

அவள் காட்டைத் திறந்து ஒரு மரத்தடியில் பூச ஆரம்பித்தாள். சக்கரம் சுற்றியது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நிதானம் மேசையின் ஓரத்தைப் பார்த்தார். பழைய டிஸ்க்கின் குட்டி விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

“இதுலேர்ந்து ஏதாவது படம் எடுத்தீங்களா?”

“இல்லையே. காடு மெஷினுக்குள்ளதான் இருக்கு.”

“அண்ணா!” தங்கை குரலை அடக்க முடியாமல் கத்தினாள். “தம்பி பேர்ல நுழைஞ்சப்போ ஒரு கார் ரேஸ் விளையாட்டு இருந்துச்சு. நான் பார்த்தேன். அதான் குற்றவாளி!”

கேமராப் பையோடு அப்போதுதான் உள்ளே வந்த ஸ்டூடியோக்காரர், அண்ணியின் கணவர், தம்பியை முறைத்தார். “அடப்பாவி. இதுக்குத்தான் இந்த மெஷினா?”

“மதியம் மட்டும்தாண்ணா…”

“எல்லாரும் உக்காருங்க,” என்றார் நிதானம். இருந்தவை இரண்டு ஸ்டூல்கள். தங்கை மேசை விளிம்பில் ஏறிக்கொண்டாள். ஸ்டூடியோக்காரர் நின்றார்.

“விளையாட்டை விட்டுடுவோம். அண்ணி வேலை செய்யறப்போ அதை யாரும் திறக்கல. மெஷின் மேல தப்புன்னா தம்பிக்கும் உறைஞ்சிருக்கணும். படத்து மேல தப்புன்னாலும் அப்படித்தான். கை மேல தப்புன்னா சின்னப் படமும் உறைஞ்சிருக்கணும்.”

“அப்ப யாரும் மிச்சமில்லையே?” என்றாள் தங்கை.

“அண்ணி பேர் மிச்சமிருக்கு. அந்தப் பேர்ல நுழைஞ்சா மட்டும் பழைய மெஷினோட பிரஷ் இருக்கு. தானா நடந்து வராது. பழைய மெஷின்லேர்ந்து அவங்க செட்டிங்ஸை யாரோ அப்படியே அள்ளிக் கொண்டுவந்து இதுல கொட்டியிருக்காங்க. பிரஷ் வந்த வழியிலதான் வியாதியும் வந்திருக்கு.”

“என்ன வியாதி?” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“பெரிய படம் மெஷினோட மெமரியில அடங்காது. அடங்காததை ஒரு டிஸ்க்ல இறக்கி வச்சு, வேணுங்கிறப்போ எடுத்துக்கும். எந்த டிஸ்க்குன்னு நாம சொல்லிவைக்கணும். பழைய மெஷின்ல இடம் போதாம இந்த வெளி டிஸ்க்கைக் காட்டியிருப்பீங்க. சரிதானேம்மா?”

“ஆமா! எப்பவோ காட்டினேன். மறந்தே போச்சு.”

“அதுவும் பிரஷ்ஷோட சேர்ந்து வந்திடுச்சு. உள்ள வேகமான டிஸ்க் காலியா கிடக்கு. மெஷினோ இந்தக் கிழத்துக்காக காத்துக்கிட்டு நிக்குது. யாரும் கூப்பிடாமலேயே இது மினுக்கினது அதனாலதான். சின்னப் படம் மெமரியிலேயே அடங்கிடும். தம்பி பேர்ல பழைய செட்டிங்ஸ் இல்ல, அதனால உள் டிஸ்க்கையே எடுத்துக்கும். அதான் ரெண்டுமே பறந்துச்சு.”

“கொண்டுவந்து கொட்டினது யாரு?” தங்கை மேசையிலிருந்து குதித்தாள்.

“மெஷினை வாங்கி மாட்டினது யாரு?”

எல்லாத் தலைகளும் திரும்பின. கொழுந்தன் பிடரியைச் சொறிந்தான்.

“நான்தான் அண்ணி. புது மெஷின்ல பிரஷ்ஷைத் தேடி நீங்க முழிச்சீங்கன்னா, அண்ணன் உடனே கவுண்டர்னு ஆரம்பிச்சிடுவார்னு பயந்தேன். அதான் சத்தம் போடாம எல்லாத்தையும் கொண்டுவந்து வச்சேன்.”

“அப்புறம் ஏண்டா என் கைராசின்னே?”

“நான் வாங்கின மெஷினைத் திட்டினா, நான் வேற என்ன சொல்றதாம்?”

அண்ணிக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

தங்கையின் முகம் தொங்கிவிட்டது. “அப்ப சதியே இல்லையா?”

“சதிதான்,” என்றார் நிதானம். “ஆனா அரெஸ்ட் பண்ண முடியாது.”

அவர் மெஷினைத் தொடவில்லை. எங்கே போக வேண்டும் என்று சொன்னார். அண்ணியே செட்டிங்ஸைத் திறந்தாள். வெளி டிஸ்க்குக்கு நேரே இருந்த குறியை எடுத்தாள். உள் டிஸ்க்கில் வைத்தாள். மென்பொருளை மூடித் திறந்தாள். காடு வந்தது. மரத்தடியில் ஓர் இழுப்பு. இன்னொன்று. பிறகு நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனாள். வேர், சருகு, நிழல். சக்கரம் எட்டிப் பார்க்கவில்லை. பழைய டிஸ்க்கின் விளக்கு அணைந்து கிடந்தது.

ஸ்டூடியோக்காரர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தில் கோடு மெல்ல மறைவதைப் பார்த்தார்.

“இன்னைக்கு முடிஞ்சிடுமா?”

“வெளிச்சத்தை மறைக்காம நகர்ந்தீங்கன்னா முடியும்.”

அவர் நகர்ந்தார். முன்னறையில் யாரோ கவுண்டர் மேசையைத் தட்டினார்கள். கொழுந்தன் கிளம்பப் பார்த்தான். ஸ்டூடியோக்காரர் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார். கேமராப் பையை இறக்கி வைத்துவிட்டுத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தானே போனார்.

“அண்ணி இல்லையா?” என்று கேட்டது ஒரு குரல்.

“பெரிய வேலையில இருக்காங்க,” என்றார் அவர். “உங்களுக்கு என்ன வேணும், என்கிட்ட சொல்லுங்க.”