சத்தம் கூடாத அறை

காலை பத்து மணிக்குத் தம்பியோடு மறுபடியும் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழையும்போதே அக்காவுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. மூன்று நாளாகத் தையல் கடையைப் பூட்டிப் போட்டிருக்கிறாள். வலிப்பு மூளையில் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று பதிவானால்தான் தம்பிக்கு ஆபரேஷன். தெருவிலும் பஸ்ஸிலும் விழுந்து தொலைகிறவனுக்கு, இங்கே படுக்க வைத்ததும் வலிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் ஒரு வழி சொன்னார். கண்ணைக் கட்டி, காதை அடைத்து, கைக்குப் பஞ்சு உறை மாட்டி இருட்டறையில் போடுவது.

"வெளியிலேர்ந்து எதுவுமே வரலைன்னா மூளை பசியோட கிடக்கும்மா. அப்புறம் சின்னதா ஏதாவது பட்டாலே பத்திக்கும்."

"பத்த வைக்க என் தம்பி என்ன அடுப்பா?"

அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்கே அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

பக்கத்து அறையில் அக்காவுக்கு அருகே டெக்னீஷியன் பெண் திரையின் முன் உட்கார்ந்திருந்தாள். இருட்டறையில் கிடந்த தம்பியின் தலையில் ஒட்டிய கம்பிகள் அனுப்பிய கோடுகள் அதில் மெல்ல நெளிந்தன. பசையும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. எச்சில் விழுங்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. இரண்டு மணி நேரம் இப்படியே போனது.

பிறகு ஸ்பீக்கரில் தம்பியின் குரல்.

"அக்கா, கையை எடு. சில்லுன்னு இருக்கு."

அக்கா எழுந்துவிட்டாள். உள்ளே வேறு யாரும் இல்லை.

"யாருக்கா அது, காதுகிட்ட அழறது?"

அவன் காதில் அடைப்பு இருந்தது.

டெக்னீஷியனின் முகம் வெளிறிவிட்டது. "போன மாசம் அந்தக் கட்டில்ல ஒரு டீச்சரம்மா..." என்று கிசுகிசுத்தாள். "சத்தம் கேட்டா சோதனை கெட்டுடும்னு வலிப்பு வந்தா அடிக்கிற அலாரத்தைக் கழட்டி வெச்சிருந்தோம். நானும் டீ குடிக்கப் போயிட்டேன். இருபது நிமிஷம் துடிச்சே செத்துப் போயிருக்காங்க. யாருக்கும் கேக்கலை."

"இன்னிக்கு அலாரம்?"

அவள் அலாரம் இருந்த மூலையைப் பார்த்தாள்.

அக்கா கையை ஓங்கினாள்.

அலாரம் அலறியது.

அதன் பிளக் தரையில் கிடந்தது.

இருவரும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தம்பி தலையணையில் முகம் புதைந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அக்கா அவனைப் பக்கவாட்டில் புரட்டினாள், கண்கட்டைப் பிய்த்தாள், வாயைத் துடைத்தாள். டெக்னீஷியன் ஆக்சிஜனைப் பொருத்தினாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கி, மூச்சு சீரானது. அலாரமும் ஓய்ந்தது.

பெரிய டாக்டர் வந்தார். "பதிவாயிடுச்சா?" என்றார்.

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

 அக்கா தம்பியின் தலையிலிருந்த கம்பிகளை ஒன்று விடாமல் உருவிக் கட்டிலில் எறிந்தாள். அவனை வெளிச்சத்துக்குக் கொண்டுபோக டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டு, திரை இருந்த அறைக்குத் திரும்பினாள்.

கோடுகள் எகிறிக்கொண்டிருந்தன. யார் தலையும் இல்லாமல், முழு வேகத்தில், வலிப்பு.

"மெஷின் கோளாறு" என்று பின்னாலேயே வந்த டாக்டர் சுவிட்சுக்குக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்து அவரை நாற்காலியில் அழுத்தினாள்.

"அன்னிக்குத்தான் ஒருத்தரும் பாக்கலை. இன்னிக்கு இருபது நிமிஷமும் உக்காந்து பாருங்க."

அவர் பார்த்தார். வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை. சரியாக இருபதாவது நிமிடம் கோடுகள் எல்லாம் நேராகப் படுத்துவிட்டன. டாக்டர் மூச்சு விட்டார்.

கோடுகள் மறுபடி முதலிலிருந்து துடிக்கத் தொடங்கின.