உருட்டாத பேனா

முதல் எழுத்தே மின்னியது.

அப்படி மின்னக் கூடாது. வெள்ளிக்கிழமை மூடி போட்டு வைத்த பேனா. சனி, ஞாயிறு முழுக்க மேஜையில் படுத்தே கிடந்தது. பொன்தூள் கலந்த மை சும்மா கிடந்தால் தூளெல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடும். எடுத்த கையோடு எழுதினால் வெறும் கரும்பச்சைதான் வரும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நன்றாக உருட்டினால்தான் தூள் கலங்கி எழுத்தில் ஏறும். அவள் இன்று உருட்ட மறந்துவிட்டாள். நேராகப் பரிசுச் சான்றிதழில் நிப்பை வைத்தாள். முதல் எழுத்து, சுழி முதல் கால் வரை, தங்கமாகப் பளபளத்தது.

இப்போதுதான் யாரோ உருட்டிவிட்டு வைத்ததுபோல.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

பேனா அவளுடையது அல்ல. அக்காவுடையது. சான்றிதழ்களில் பெயர் எழுதித் தருவது இருவருக்கும் தொழில் என்று ஊரில் பேச்சு. உண்மையில் எழுதியது அக்கா. இவள் பென்சிலில் கோடு போடுவாள், மை காய்ந்ததும் அழிப்பாள். சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பதால் அக்கா வைத்த பெயர் பூனை. அந்தக் கை வித்தை பேனாவுக்குள்தான் இருக்கிறது என்று பூனை நம்பினாள். கேட்டிருந்தால் அக்கா கொடுத்திருக்கவும் கூடும். கேட்கவில்லை. போன மாதம் அக்காவின் உடலைக் கட்டிலிலிருந்து தூக்கிய நேரத்தில், தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துத் தன் கைப்பைக்குள் நழுவவிட்டாள்.

"அவ கையிலயே வச்சு அனுப்பணும் பூனை, கொஞ்சம் தேடிப் பாரேன்" என்றார் மாமா, அக்காவின் கணவர்.

அவளும் தேடினாள். அதை நினைத்தால்தான் இப்போதும் காது மடல் சுடுகிறது. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, டார்ச் அடித்து, மெத்தையைத் தூக்கி, பெருமூச்சு விட்டுத் தேடினாள். தோளில் கைப்பை தொங்கியது. யாரோ ஒருவர், "பாத்துக்க வந்தவ பையைப் பாருங்க" என்றார். அக்காவைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் பெண் தன் பையைத் தரையில் கொட்டினாள். சீப்பு, மாத்திரை அட்டை, பாதி பிஸ்கட் பாக்கெட், மடித்த துணி. பேனா இல்லை. ஆனாலும் எல்லோருடைய பார்வையும் அவள்மேலேயே ஒட்டிக்கொண்டது. பூனை குனிந்து பொருள்களைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

"தேங்க்ஸ்க்கா" என்றாள் அந்தப் பெண்.

இன்று மதியம் மாமா போன் செய்தார்.

"பூனை, சாயங்காலம் வீட்ல இருப்பியா? அவ மை பாட்டிலெல்லாம் பெட்டில போட்டு எடுத்துட்டு வரேன். உனக்குத்தான். வேற யாருக்கு?"

"எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்..."

"சிரமம் என்னம்மா. அந்த நர்ஸ் பொண்ணைத்தான் வேலையை விட்டு எடுத்துட்டாங்களாம். வேற எங்கயும் கூப்பிட மாட்டேங்கிறாங்களாம். நான் ஒரு நாளும் அவளைச் சந்தேகப்படல. ஆனா அந்தப் பேனா எங்கதான் போச்சு?"

"தெரியல மாமா."

பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

வழி ஒன்று தோன்றியது. மாமா கொண்டுவரும் பெட்டியில் பாட்டில்களுக்கு நடுவே பேனாவைச் செருகிவிட்டு, "அட, இங்க இருக்கே மாமா!" என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். தன் மானமும் தப்பும். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தாள். இரண்டாவது முறை தன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

பேனாவில் ஈர மை இருக்கக் கூடாது. போன மாதத்திலிருந்து யாரும் தொடாத பேனாவாகத் தெரிய வேண்டுமே. கழற்றினாள். நிப்பு, அதற்கு அடியிலுள்ள கட்டை, கழுத்து, உடல் என்று ஒவ்வொன்றையும் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு, ரப்பர் குமிழால் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினாள். பச்சை வந்தது, வெளிறியது, கடைசியில் தண்ணீர் பளிங்காக வந்தது. ஆனால் அந்தப் பளிங்குத் தண்ணீரிலிருந்து, எங்கிருந்தென்றே தெரியாமல், பொன்தூள் மெல்லச் சுழன்று இறங்கிக் கிண்ணத்தின் அடியில் படிந்தது. கொட்டினாள். புதுத் தண்ணீர் பிடித்தாள். மறுபடியும் இறங்கியது. அறையில் மருந்தும் ஈரத் துணியும் கலந்த வாசனை. அக்காவின் கட்டிலைச் சுற்றி இருந்த அதே வாசனை.

பாகங்களைத் துணிமேல் பரப்பிவிட்டு, அடுக்களைக் குழாயில் கைகழுவினாள். பேனா கழுவினால் விரல் நுனிகளில்தான் கறை படியும். விரல்கள் சுத்தமாக இருந்தன. இரண்டு உள்ளங்கைகளின் நடுவிலும், ரேகை ரேகையாக, தங்கம். சோப்பு போட்டாள். பாத்திரம் தேய்க்கும் நாரால் தோல் சிவக்கத் தேய்த்தாள். இன்னும் பிரகாசமாக மின்னியது.

வெளியே இருட்டத் தொடங்கியபோது கரண்ட் போனது.

ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. அந்த அமைதிக்குள், எழுதும் அறையிலிருந்து, அந்தச் சத்தம்.

டக்... டக்... டக்...

நோயில் அக்காவின் விரல்கள் மெலிந்து மோதிரம் தளர்ந்துவிட்டது. கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பிக்கொள்ளும். பேனாவை உருட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் அது பேனாவில் தட்டும். "இந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் நீ மூச்சு விடலாம் பூனை. நின்னுச்சுன்னா எழுதப் போறேன்னு அர்த்தம். அப்ப மேஜையை ஆட்டினே, தொலைச்சிடுவேன்" என்று சிரிப்பாள்.

மோதிரம் அக்காவோடு போய்விட்டது.

பூனை சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். வாசலை அடைந்ததும் சத்தம் நின்றது. துணிமேல் பாகங்கள் இல்லை. பேனா முழுசாக இருந்தது. மூடியோடு. தொட்டாள். கனத்தது. மை நிறைந்த கனம்.

கதவு தட்டும் ஓசை.

"பூனை, நான்தாம்மா. கதவு திறந்துதான் இருக்கு. உள்ள வரவா?"

பேனாவை இரண்டு கைகளுக்குள்ளும் மறைத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மாமா இடுப்பில் பெட்டியை அணைத்தபடி, இன்னொரு கையில் போன் வெளிச்சத்தோடு, அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, இருட்டுல நிக்கிற?"

சொல்லிவிடலாம். இப்போதே. மாமா, நான்தான் எடுத்தேன். அவ்வளவுதான்.

"சும்மா... கரண்ட் போச்சு மாமா."

அவள் முதுகுக்குப் பின்னால், அவள் கைகளின்மேல், வேறு இரண்டு கைகள் வந்து மூடின.

சில்லென்று. எலும்பாக.

உருட்டின.

டக்... டக்... டக்...

மாமா அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தார். பெட்டி சரிந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. அக்காவிடம் மட்டுமே பேசும் அந்தத் தணிந்த குரலில் கேட்டார்.

"கிடைச்சிடுச்சாம்மா?"

டக்... டக்...

நின்றது.

பேனா அவள் பிடியிலிருந்து நழுவியது. மூடி கழலும் சின்ன ஓசை. காதோரம் மருந்து வாசனை. மெலிந்த விரல்கள் தாடையைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பின. ஆடாமல் பிடித்துக்கொண்டன.

நெற்றியில் ஈரமான நிப்பு வந்து உட்கார்ந்தது.

எழுதியது. மெதுவாக. அழகாக. அவள் சொல்லாமல் விழுங்கிய வரியை.

மாமாவின் கன்னங்களில் பொன் வெளிச்சம் துள்ளியது. அவர் கண்கள், ஒரு வரியைப் படிப்பதுபோல, இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தன.