உவர்மண் கூடை

வெள்ளிக்கிழமை மரங்கள் கிளம்பிவிடும் என்று மரம் மேய்க்கும் கீதாரி வெள்ளைக்கண்ணு சொன்னதும் இருளாயி வழியை மறித்து நின்றாள்.

"எங்கிட்ட என்னய்யா குறை கண்டுச்சுக?"

"குறையே இல்லையே ஆத்தா, அதான் போகுதுக. சந்தியாகு வயலு பொட்டலாக் கெடக்கு."

வயலுக்கு உரமேற்ற ஆட்டுக்கிடை போட்ட கீதாரி வம்சம் இப்போது மரக்கிடை போடுகிறது. வேரைச் சுருட்டிக்கொண்டு நடக்கும் நடைவாகைகள். வேர்நுனியில் பதித்த மண்ணுணரி சத்தில்லாத மண்ணை மோப்பம் பிடிக்கும்; மரம் அங்கே போய் ஊன்றும். காற்றின் தழைச்சத்தை வேரில் சேர்க்கும், ஆழத்து ஈரத்தை மேலே இழுக்கும், இலை உதிர்த்து மெத்தை போடும். பாறையாய்க் கிடந்த இருளாயி வயல் இன்று அல்வா. மண்புழு ஒவ்வொன்றும் புடலங்காய்ப் பருமன். அவள் ஊன்றிவிட்டு மறந்த கைத்தடி பூத்திருந்தது. மிளகாய் பறிக்க ஏணி வேண்டும்.

மரம் போய்விட்டால் மறுபடி பாறைதானே?

இருளாயி கண்மாய்க்கரையில் ஒரு கூடை உவர்மண் அள்ளிவந்து வயல் நடுவே கொட்டினாள்.

மரங்கள் நின்றன. நின்றதோடு விட்டனவா? இப்படியொரு கேடுகெட்ட மண்ணை எந்த மண்ணுணரியும் கண்டதில்லை. சேதி வேருக்கு வேர் பாய்ந்தது. சுற்றுப்பட்டி மரமெல்லாம் திரண்டு வந்து இறங்கியது. உச்சிவெயிலில் டார்ச் இல்லாமல் வயலுக்குள் நடக்க முடியவில்லை. மிளகாய்ச் செடிகள் வெளிச்சம் தேடி வெளிறி நீண்டன. ஒரு பூ இல்லை.

"கீதாரி, ஓட்டிட்டுப் போய்யா!"

"நானா கொட்டுனேன்? கொட்டுன கையே அள்ளட்டும்."

அள்ளினாள். கூடையைத் தலையில் ஏற்றி வரப்பில் நடந்தாள். பின்னால் கடகடவென்று சத்தம். திரும்பினால், மொத்தக் காடும் வரிசையாக வந்துகொண்டிருந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

"என்னத்தா, ஊர்வலமா?" பொட்டலில் நின்று சந்தியாகு சிரித்தான். "அப்படியே நம்ம வயல்ல எறக்கி வையி!"

இறக்கினாள். சந்தியாகு வயலும் அல்வாவானது. விடுவார்களா அடுத்த ஊர்க்காரர்கள்? வேன் வைத்துக்கொண்டு வந்து கூப்பிட்டார்கள். வேனில் ஏறினால் மரங்கள் பின்தங்கிவிடுமே, உவர்மண்ணை மறுபடி கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி நடந்தே போனாள்.

இன்று எந்த ஊர் எல்லையிலும் இருளாயிக்கு மாலை மரியாதைதான். கூடை இறங்கிய இடமெல்லாம் பொன் விளைகிறது.

அவள் வயலோ, உதிர்ந்த இலைகளைத் தின்று செரித்து, ஒரு மரமும் இல்லாமல் இன்னும் அல்வாவாகவே இருக்கிறது. ஏணியும் அங்கேயேதான் சாய்ந்து நிற்கிறது. ஏறிப் பறிக்கத்தான் ஆள் ஊரில் இல்லை.